ஜெபகனி மேடத்தின் சனிக்கிழமை வகுப்பு

பேராசிரியர் ஜெபகனி பேச்சின் நடுவே நின்றுபோனபோது கூட்டம் கைதட்டியது. கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. முக்கியமான இடத்தில் சட்டென்று நிறுத்தி, அரங்கத்தைக் கொஞ்சம் தவிக்கவிட்டு, அப்புறம் அடுத்த சொல்லைப் போடுவது அவருடைய வழக்கம். நாகர்கோவிலில் அவரிடம் தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கூடப் பணியாற்றிய ஒருவரின் பணிநிறைவு விழா அது. ஜெபகனி ஓய்வு பெற்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் வாழ்த்திப் பேச அவரை விட்டால் ஆளில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

மேடையில் அருகே உட்கார்ந்திருந்த குமாரதாஸ்தான் முதலில் கண்டுகொண்டார். அவர் ஜெபகனியின் பழைய மாணவர், இப்போது அதே தமிழ்த்துறையின் தலைவர். மேடத்தின் வலக்கையிலிருந்து மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. குமாரதாஸ் எழுந்து தாங்கிப் பிடிக்கும்வரை கைதட்டல் ஓயவில்லை.

ஜெபகனிக்கு எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. சொல்ல வந்த சொல் "ஈரம்". மனசுக்குள் அது எழுத்து எழுத்தாக நின்றது. வாய்க்கு வரும் வழியில்தான் எங்கோ காணாமல் போயிற்று.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். "கேக்கிறது புரியும், நினைக்கிறது ஓடும், அறிவுக்கு ஒரு குறையும் இல்ல. பேச்சைச் சேத்து வெளியே அனுப்புற இடத்துலதான் அடி விழுந்திருக்கு" என்று கணவர் தேவகுமாரிடம் சொன்னார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற தேவகுமாருக்கு அது சட்டென்று பிடிபட்டது. கரண்ட் இருக்கிறது, லைன்தான் அறுந்திருக்கிறது.

காலும் கையும் பயிற்சியில் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அது "ஆனால்". தண்ணீர் வேண்டுமென்றாலும் "ஆனால்". தோஹாவிலிருந்து மகன் பெனின் வீடியோவில் வந்து, "எம்மா, எப்பிடி இருக்கிய?" என்று கேட்டாலும் "ஆனால்". ஆயுள் முழுக்க மற்றவர்களின் கருத்தை மறுத்து வாதம் செய்ததில் நாக்கில் அது ஒன்றுதான் தழும்பேறிப் போயிருந்தது போல. அவருக்கே ஒரு சமயம் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்முன் அழுகை வந்துவிட்டது.

ஜெபகனியின் தமிழ் லேசுப்பட்ட தமிழ் அல்ல. அவர் பிறந்தது திருவட்டாறு பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமம். அப்பா பிறருடைய ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போனவர். வீட்டில் பேசியது பாதி மலையாளம் கலந்த, இழுத்து இழுத்துப் பாடுவது போன்ற மேற்குப் பக்கத்துத் தமிழ். முதுகலை படிக்க மதுரைக்குப் போனவர், முதல் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க எழுந்து நாலு வரி சொல்வதற்குள் பின்வரிசையில் யாரோ அந்த ராகத்தை அப்படியே முனகிக் காட்டினார்கள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அன்றைக்கே ஜெபகனி விடுதி மொட்டைமாடிக்கு ஏறினார். படித்து முடிக்கும்வரை தினமும் ஏறினார். இழுவையை அரிந்தார், ராகத்தைத் தட்டி நிமிர்த்தினார், ஊர்ச் சொல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். மாடியிலிருந்து கடைசியாக இறங்கி வந்தவரின் பேச்சு புத்தகத்தில் அச்சடித்தது போல இருந்தது. கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு "அச்சு மேடம்" என்றே பெயர் வைத்தார்கள். அவர் வகுப்பெடுத்தால் வணிகவியல் மாணவர்கள்கூட ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அதே தமிழ்தான். "ஏட்டி, அடுக்களையிலயும் ஒரு மைக் செட் போட்டுத் தரட்டா?" என்று தேவகுமார் கிண்டல் செய்வார். "அவசியமில்லை" என்று அதற்கும் சுத்தமாகவே பதில் வரும்.

இப்போது அந்த வீட்டுக்குப் பழைய மாணவர்கள் பழக்கூடையோடு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்கள். "மேடம், நான் யாருன்னு தெரியுதா?" என்று குனிந்து கேட்டார்கள். தெரிந்தது. இன்னார் எந்த ஊர், எந்த வரிசையில் உட்கார்ந்தவர், எந்தப் பாடத்தில் தூங்கியவர் என்பதுகூடத் தெரிந்தது. "ஆனால்" என்றார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவகுமார் பக்கம் திரும்பி, மேடம் அங்கே இல்லாதது போல, "சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களா?" என்று விசாரித்தார்கள். ஜெபகனி வாசல் கேட்டைப் பூட்டி வைக்கும்படி கையால் காட்டினார். தேவகுமார் பூட்டினார்.

பூட்டிய கேட்டைத் தாண்டி வரும் உரிமை குமாரதாஸுக்கு மட்டும் இருந்தது. ஒருநாள் அவர் நல்ல சேதியோடு வந்தார். துறையில் புதிதாகக் கட்டியிருக்கும் கருத்தரங்கக் கூடத்துக்கு ஜெபகனியின் பெயரை வைப்பதாக முன்னாள் மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வாசலில் பதிக்கக் கல்வெட்டுக்கு மயிலாடிச் சிற்பிகளிடம் சொல்லியாயிற்று.

"வாசகம் நான்தான் எழுதியிருக்கேன் மேடம். படிக்கட்டுமா?"

படித்தார். நல்ல வாசகம். "தமிழை அழகுறப் பேசியவர்" என்று அதில் வந்தது. பேசியவர். இறந்தகாலம். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஜெபகனி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று குமாரதாஸ் நினைத்தார். தேவகுமாருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் தேவகுமார் மனைவியை வடசேரிக்குக் கூட்டிப்போனார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், மருந்துக்கடை மாடியில் ஷைஜா என்ற பெண் பேச்சுப் பயிற்சி மையம் நடத்திவந்தாள். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். தன் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"வணக்கம் அம்மா. இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றாள். பேராசிரியருக்கு முன்னால் பிழை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள்.

படத்தில் குடை இருந்தது. பசு இருந்தது. பலாப்பழம் இருந்தது. பலாவைப் பற்றிப் பழந்தமிழில் எங்கெங்கே வருகிறது என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் ஜெபகனி. அந்தப் பெயர் மட்டும் நாக்குக்கு ஏறவில்லை. "ஆனால்" என்றார். ஷைஜா அடுத்த அட்டையை எடுத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துவிட்டு வரும் இந்தப் பாடு பல வாரம் நடந்தது. எந்த மாற்றமும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சியின் நடுவே ஷைஜாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவளுடைய அம்மா. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள் என்பதால் எடுத்தாள்.

"எம்மா, நான் பொறவு விளிக்கேன்... என்னத்த? சக்கயா? பிலாவுல நிக்கட்டும், பறிக்காண்டாம். ஞாயித்துக்கிழம நான் அங்க வாறேன்லா..."

போனை வைத்துவிட்டு, "மன்னிக்கவும் அம்மா" என்று பழையபடி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தற்செயலாக அது பலாப்பழப் படம்.

"சக்க" என்றார் ஜெபகனி.

தேவகுமார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஜெபகனி தன் வாயைத் தானே கையால் தொட்டுப் பார்த்தார். வந்தது அவருடைய குரல்தான். கடைசி எழுத்தைத் தூக்கி இழுத்து விட்ட அந்த ராகமும் அவருடையதுதான், மதுரைக்குப் போவதற்கு முந்தையது.

ஷைஜா அட்டைகளை மூடி வைத்தாள். "மேடத்துக்கு ஊரு எது சார்?" என்று தேவகுமாரிடம் கேட்டாள். அவர் சொன்னார். அதைக் கேட்டதும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேராசிரியருக்குப் பயந்து பேசிய தமிழைக் கழற்றி வைத்தாள்.

"மேடம், இனி நாம நமக்க பேச்சே பேசுவம். இது என்ன, சொல்லுங்க பாப்பம்" என்று மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள்.

ஜெபகனியின் உதடு அசைந்தது. ஷைஜா அவருடைய இடக்கையைப் பிடித்து மேஜையில் தாளம் போல மெல்லத் தட்டினாள். தட்டத் தட்ட, "வெ...ள்ளம்" என்று வந்தது.

"ஆனால்" போய்விடவில்லை. ஆனால் அதற்குக் கூட்டுக்கு ஆள் வந்தது. "இஞ்ச" வந்தது. "பைய" வந்தது. நினைவு என்பதற்கு "ஓர்ம" வந்தது. பால்வெட்டும் தோட்டத்தில் அப்பா மரத்தில் கட்டும் கொட்டாங்கச்சி, "செரட்ட" ஒருநாள் தானாக வந்து விழுந்தது. அழகுத் தமிழால் கட்டிய வீடு தீப்பிடித்துப் போயிருக்க, அதற்கு அடியில் கிடந்த பழைய அஸ்திவாரம் ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தது. பேச்சின் ராகமும் கையின் தாளமும் சேர்ந்தால் மூளையின் மறுபக்கம் கொஞ்சம் உதவிக்கு வரும் என்று ஷைஜா தேவகுமாருக்கு விளக்கினாள். பாட்டுப் போலப் பேசும் ஊரில் பிறந்தது நல்லதாகப் போயிற்று என்றாள்.

"சக்க" வந்த அன்றைக்கே தேவகுமார் இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். ஜெபகனிக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஒருத்தி நலம் விசாரித்தபோது, நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அவர் வாயிலிருந்து "கொள்ளாம்" என்று வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அன்பான சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஜெபகனியின் காதில் மதுரை வகுப்பறைதான் கேட்டது. ஒரு ஆயுளைச் செலவழித்துக் கழுவித் துடைத்ததை இனி எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமா? அதற்கு ஊமையாக இருப்பது மேல். பயிற்சிக்கு வரவில்லை என்று கையை ஆட்டிவிட்டார். தேவகுமார் கெஞ்சினார், கோபப்பட்டார், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். அசையவில்லை.

"செரி. நிறுத்துதோம்னு அந்தப் பிள்ளைட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டாவது வருவோம். மரியாதை இல்லியா?" என்றார் கடைசியில். அதற்கு ஜெபகனி எழுந்து செருப்பைப் போட்டார்.

மையத்தில் தேவகுமார் மட்டும் ஷைஜாவின் அறைக்குள் போனார். ஜெபகனி வெளியே பெஞ்சில் இருந்தார். எதிரே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் சுபிதா, அங்கே அடிக்கடி பார்த்த முகம். மஸ்கட்டில் நர்ஸாக இருந்து, பிரசவத்துக்காக ஊருக்கு வந்தவள். பிள்ளை பிறந்த சில நாளில் மூளையில் இரத்தம் உறைந்து பேச்சு போய்விட்டது. பிள்ளை இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். சுபிதாவின் அம்மா டோக்கன் கேட்க எழுந்து போனதும், அந்தப் பையன் திறந்திருந்த மாடிப்படியின் பக்கம் நடந்தான். சுபிதா எழப் பார்த்தாள். ஒரு கால் ஒத்துழைக்கவில்லை. வாய் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது.

ஜெபகனி யோசிக்கவில்லை. "மக்கா... இஞ்ச வா" என்று கூப்பிட்டார். கடைசியில் தூக்கி இழுத்து, மலையோரத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவது போல. குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டது. பையன் நின்றான், திரும்பினான், யார் இது என்று பார்த்துக்கொண்டே வந்தான். அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார் ஜெபகனி.

சுபிதா அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை விழப் பார்த்த பயம் மட்டுமல்ல அது. தன் பிள்ளையைத் தன் வாயால் இதுவரை ஒருதடவைகூடக் கூப்பிட்டதில்லை என்பது அவளுடைய கண்ணில் இருந்தது. ஜெபகனிக்கு அது நன்றாகத் தெரியும். அந்த அழுகையை உள்ளிருந்து தெரிந்தவர் அவர். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுபிதாவின் இடக்கையைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்து, ஷைஜா தனக்குச் செய்தது போலத் தட்டினார்.

"மக்...கா" என்றார் ராகத்தோடு.

சுபிதா தலையை ஆட்டினாள், முடியாது என்று.

"மக்...கா." தட்டு. "மக்...கா." தட்டு.

அவசரப்படுத்தவில்லை. அவளுடைய வாய்க்கு எடுத்துக் கொடுக்கவுமில்லை. உள்ளே அந்தச் சொல் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது, வழிவிட்டால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரமோ ஆயிற்று. டோக்கனோடு திரும்பிய சுபிதாவின் அம்மா அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து ஷைஜாவும் தேவகுமாரும் வந்து கதவருகே நின்றார்கள்.

"ம...க்கா" என்றாள் சுபிதா.

கரகரத்த, பாதி உடைந்த குரல். பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் மறுபடி சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். நிறுத்தினால் போய்விடுமோ என்று பயந்தவள் போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பையன் ஜெபகனியின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவளிடம் போனான்.

தேவகுமார் வந்த காரியத்தை ஷைஜாவிடம் சொல்லி முடித்திருக்கவில்லை. இனிச் சொல்லவேண்டியதில்லை என்று ஜெபகனியின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வகுப்பு முடித்து வரும்போது இருக்கும் முகம் அது. அவர் அதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஜெபகனி ஷைஜாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். "எல்லாரும்" என்றார். கையால் ஒரு வட்டம் போட்டார். "ஒண்ணா. கிளாஸ்."

"எல்லாரையும் ஒண்ணா வச்சா மேடம்? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி பிரச்சன. ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குத் தடங்கலாயிராதா?"

"ஆனால்" என்றார் ஜெபகனி. இம்முறை அதைத்தான் சொல்ல வந்தார்.

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. முதல் வாரம் வந்து உட்கார்ந்தவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பகவதியப்பன் என்று ஒருவர். அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்தவர். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் "ரைட்". தன் ஆயுளில் அவர் சொன்னதைவிட, பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். அதனால்தானோ என்னவோ அது ஒட்டிக்கொண்டது. மனைவி சோறு போடவா என்றாலும் ரைட், வேண்டாம் என்பதற்கும் ரைட். வெட்கப்பட்டு அவர் வாயையே திறப்பதில்லை.

ஜெபகனி அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பஸ்" என்றார். கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். "எங்க?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

ஜெபகனி காத்திருந்தார். ஷைஜா எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தபோது கண்ணாலேயே தடுத்தார்.

"மஸ்...கட்" என்றாள் சுபிதா.

வடசேரியிலிருந்து மஸ்கட்டுக்குப் பஸ். முதலில் சிரித்தது பகவதியப்பன்தான். உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ரொம்ப காலம் கழித்து உரக்கச் சொன்னார்: "ரைட்."

பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அந்தப் பஸ்ஸில் ஆள் ஏறத் தொடங்கியது. ஒருவர் "மீனு" என்றார், கூடையோடு ஒரு மீன்காரி ஏறினாள். ஜெபகனி "மரச்சீனி" என்று ஒரு மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ஏற்றினார். கடல் வந்தபோது என்ன செய்வது என்று ஒரு வாரம் முழுக்கத் தகராறு. கையாலும் காலாலும் அரைச் சொல்லாலும் சண்டை போட்டார்கள். பகவதியப்பன் கோபத்தில் மேஜையைக் குத்தி, "நேர... போ" என்று இரண்டு புதுச் சொல்லைப் போட்டுவிட்டு, தான்தான் பேசினோமா என்று திகைத்து உட்கார்ந்தார். ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக அட்டையைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் வராததெல்லாம், கடல்மேல் பஸ் ஓட்ட வேண்டிய அவசியம் வந்ததும் வரத் தொடங்கியதை ஷைஜா பார்த்தாள். யாருக்கும் முழுவதாகத் திரும்பவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பியது.

திறப்பு விழாவுக்குத் தேதி கேட்க ஒரு சனிக்கிழமை குமாரதாஸ் மாடியேறி வந்தார். கதவருகே நின்று வகுப்பைப் பார்த்தார். அவருக்கு மேடம் வகுப்பு தெரியும். அருவி விழுவது போல இருக்கும். இங்கே மேடம் பேசியது கொஞ்சம். மற்றவர்களைப் பேசவிட்டது அதிகம். ஒரு சொல் வரும்வரை ஐந்தாறு பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். வந்ததும் அதைத் தட்டுத்தடுமாறி அடுத்த சொல்லோடு கோத்தார்கள். ஒரு கதை தரையிலிருந்து எழும்புவதை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் அருகே வந்து கையைக் கூப்பினார். "மேடம், கல்வெட்டு தயாராயிட்டு. எந்த நாளு வசதிப்படும்?"

ஜெபகனி தலையை ஆட்டினார். சொற்களைத் தேடினார். குமாரதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்போதுதான் பார்த்ததை நினைத்து, பேசாமல் நின்றார்.

"கல்லு... செத்தவியளுக்கு" என்றார் ஜெபகனி. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "எனக்கு... பிள்ளிய. பிள்ளியள... இஞ்ச அனுப்பு."

மாணவர்கள் முன்னால் ஒருநாளும் வராத பேச்சு. அந்த ராகத்தை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. குமாரதாஸ் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர். அவரும் கல்லூரிக்குள் நுழையும்போது வீட்டுப் பேச்சை வெளியே நிறுத்திவிட்டு நுழைகிறவர்தான்.

"அனுப்புதேன் மேடம்" என்றார். "நானும் வாறேன்."

கூடம் பெயர் இல்லாமலே திறக்கப்பட்டது. நன்கொடை தந்தவர்களில் சிலருக்கு வருத்தம்தான். ஒருவர் குமாரதாஸோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஆனால் துறையில் விருப்பமுள்ள மாணவர்கள் சனிக்கிழமைகளில் வடசேரி மாடிக்கு வரத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. கேட்பது அவ்வளவு எளிதல்ல என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. சுஜி என்ற மாணவி துடிப்பானவள், பேச்சுப் போட்டியில் பரிசெல்லாம் வாங்கியவள். பகவதியப்பன் "த...த..." என்று தொடங்கியதும், "தண்ணியா? தம்பியா? தக்காளியா?" என்று அடுக்கினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பொறு மக்ளே" என்றார் ஜெபகனி.

சுஜி பொறுத்தாள். ரொம்ப நேரம் பொறுக்க வேண்டியிருந்தது. கீழே தெருவில் காய்கறி லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பிப் போயிற்று. கடைசியில் பகவதியப்பன், "தங்கச்சி" என்றார். பஸ்ஸில் தன் தங்கையையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். அந்தத் தங்கை சின்ன வயதில் இறந்துபோனவள் என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் வீட்டில் எடுத்ததே இல்லையாம். சுஜி தன் பக்கத்து இருக்கையைத் தட்டி, "அவிய இஞ்ச இருக்கட்டும்" என்றாள். அவளுக்கே தெரியாமல் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டாள். பகவதியப்பன் தலையசைத்தார்.

அந்த வருஷக் கடைசியில் மார்த்தாண்டத்திலும் இப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. ஷைஜாவோடு படித்தவள் ஒருத்தி நடத்துகிறாள். தொடக்க நாளில் ஜெபகனி போய் உட்கார்ந்தார். அங்கே சுபிதாதான் பேசினாள். பத்து வாக்கியம் இருக்கும். பாதியில் மகன் ஷாஜன் வந்து புடவையைப் பிடித்து இழுத்தான். "ஏலே, சும்மா நில்லு" என்று தெளிவாக அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

இப்போதும் ஜெபகனிக்கு நீளமான வாக்கியம் சிரமம்தான். களைத்துப்போனால் சொற்கள் இடம் மாறும். புத்தகம் வாசிக்க முடிகிறது, மெல்ல. சில நாள் பழைய அச்சுத் தமிழும் ஒன்றிரண்டு வரியாக எட்டிப் பார்க்கும். வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார். கேட்டை இப்போது பூட்டுவதில்லை. வருகிறவர்கள் அவரிடமே பேச வேண்டும், உரக்கப் பேசக் கூடாது, வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று தேவகுமார் வாசலிலேயே சொல்லி அனுப்புகிறார்.

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்து இறங்கி வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சந்தையில் கூட்டம். காரை எடுக்க இடமில்லாமல் முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. தேவகுமார் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு எங்க நிக்குது ஒங்க பஸ்?"

ஜெபகனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தார். தேவகுமார் காத்திருந்தார்.

"மஸ்கட் போயாச்சு" என்றார் ஜெபகனி. "எல்லாரும்... எறங்கியாச்சு. சாயயும் குடிச்சாச்சு."

"அப்ப கத முடிஞ்சிற்றா?"

"இல்ல. பகவதியப்பனுக்கு... திரும்பி வரணும். சுபிதாவுக்கு... இன்னும் தூரம் போவணும்." சற்று நிறுத்தினார். அடுத்த சொல் பின்னால் வந்துகொண்டிருந்தது. "சண்ட. பயங்கரச் சண்ட. அடுத்த ஆழ்ச்ச... சனிக்கிழம... தீர்மானிக்கணும்."

"ஒனக்கு எது வேணும்?"

முன்னால் நின்ற ஆட்டோ ஒருவழியாக நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. ஜெபகனி அதைப் பொருட்படுத்தாமல் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நான்... சண்டய பாக்கப் போறேன்" என்றார்.